இல்லக் கல்வியும் அரசுச் சட்டமும்

கல்வி வேறு, பள்ளிக்கூடம் வேறு என்று சொன்னால் மாணவர்களாகிய நீங்கள் சற்றே வியப்படையக்கூடும். முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியிலேயே உழன்று, அவற்றுள் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் இவ்விரண்டையும் பிரித்துக் காண்பது எளிதான செயலன்று. ஜூன் திங்களில் பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டில் பெயரெழுதுவதும், நான்கு நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆளனுப்புவதும் எங்கள் கடமைகள். பதிவேட்டில் பெயர் இருந்தால் பிள்ளை கற்கிறது, இல்லையேல் கற்கவில்லை என்பதே எங்கள் கணக்கு.

இந்தக் கணக்கு சரிதானா என்னும் வினாவை நூறாண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களில் எழுப்பி வாதிட்டுவரும் நாடு ஒன்று உண்டு. அது ஐக்கிய அமெரிக்க நாடுகள். தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க விரும்பிய பெற்றோர் அங்கே வழக்குமன்றம் ஏறினர். அவர்களுள் ஒரு சாரார் சமயத்தை முன்னிட்டு அவ்வாறு செய்தனர். மற்றொரு சாராருக்குச் சமயக் காரணம் ஏதும் இல்லை. தம் பிள்ளைக்கு இதுவே நல்ல கல்வி என்ற எண்ணம் ஒன்றே அவர்களிடம் இருந்தது. இந்த இரண்டாம் சாராரின் வரலாற்றையே இங்குக் கூற விரும்புகின்றேன். சமயம் என்னும் கேடயம் இல்லாத அவர்கள், சட்டத்தின் சொற்களையும் தம் பிள்ளையின் படிப்பையும் மட்டுமே சான்றாகக் காட்டி வழக்காட வேண்டியவராயினர். ஆகவே, கற்பித்தல் என்றால் என்ன, ஆசிரியர் என்பவர் யார் என்னும் வினாக்களுக்கு அந்நாட்டு நீதிபதிகள் விடைகாண வேண்டி வந்தது.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்க. அமெரிக்க அரசியலமைப்பில் கல்வியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது மாநிலங்களின் பொறுப்பு. ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது கல்விச் சட்டங்கள். ஒரு மாநிலத்தில் குற்றமாகக் கருதப்பட்ட செயல், எல்லைக்கோட்டைத் தாண்டினால் குற்றமில்லாது போகும் விந்தையை இவ்வரலாறு நெடுகக் காணலாம்.

தொடக்கம் மசாசூசெட்ஸில். அது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த 1642ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைகளுக்கும் தொழில் பழகும் சிறுவர்களுக்கும் எழுத்தறிவும், சமய நெறியும், நாட்டின் தலையாய சட்டங்களும் கற்பிக்கப்படுகின்றனவா என்று ஊர்ப் பெரியவர்கள் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கற்பிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. தொழில் பழகும் சிறுவனாயின் அவனுடைய முதலாளியுடையது. பள்ளிக்கூடம் என்ற பேச்சே அச்சட்டத்தில் இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1647இல் வந்த சட்டமே 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும் என்றும் விதித்தது. அதாவது, கல்வி முதலில் கட்டாயமாயிற்று. பள்ளி பின்னரே வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்னும் சட்டம் பிறக்க இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. அதுவும் மசாசூசெட்ஸில்தான், 1852ஆம் ஆண்டில். எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் ஆண்டுக்கு 12 வாரங்கள் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அவற்றுள் ஆறு வாரங்கள் இடைவிடாது தொடர வேண்டும். தவறினால் 20 டாலர் வரை தண்டம். பன்னிரண்டே வாரங்கள்தாமா என்று நீங்கள் நகைக்கலாம். நூற்பாலைகளில் சிறு கைகள் நாள் முழுதும் உழைத்த காலம் அது என்பதை நினைத்தால் அதுவும் பெரிதே. இக்கட்டாயத்தைக் கொடுமையென்று பழிப்போர் இன்றும் உளர். நான் அவர்களோடு சேரமாட்டேன். ஆலையிலிருந்தும் தெருவிலிருந்தும் ஏழைப் பிள்ளையை மீட்டுக் கொணர அன்று வேறு கருவி இருக்கவில்லை. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக இவ்வழியைப் பின்பற்றின. இறுதியாக மிசிசிப்பி 1918இல் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த 1852ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. பிள்ளைக்கு அதே கால அளவுக்கு வேறு வகையில் கல்வி கிடைத்திருக்குமானால் பெற்றோர் மீது குற்றமில்லை என்பதே அது. பல மாநிலச் சட்டங்களில் இதைப் போன்ற சொற்றொடர்கள் இடம்பெற்றன. ஓரிடத்தில் ‘இணையான கல்வி’ என்றிருக்கும். மற்றோரிடத்தில் ‘தனியார் பள்ளி’ என்று மட்டும் இருக்கும். இயற்றியோர் அதிகம் எண்ணாமல் எழுதிச் சென்றது போலத் தோன்றும் அச்சொற்களே பிற்காலத்தில் பல குடும்பங்களுக்குப் புகலிடமாயின.

இந்தியானா மாநிலத்தில் 1904இல் ஒரு வழக்கு நடந்தது. பிள்ளையைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பாமல் தனி ஆசிரியரிடம் கற்பித்தார் ஒரு தந்தை. அவ்வாறு கற்கும் இடத்தைத் தனியார் பள்ளி என்று கொள்ளலாமா? மேல்முறையீட்டு நீதிமன்றம் கொள்ளலாம் என்றது. இளையோர்க்குக் கல்வி புகட்டப்படும் இடம் எதுவோ அதுவே பள்ளி. அங்கே அமர்ந்து கற்போர் ஒருவரா பலரா என்பதால் அதன் தன்மை மாறாது என்று அம்மன்றம் விளக்கிற்று. ஒரு மரத்தடியும் நான்கு பிள்ளைகளும் இருந்தால் பள்ளி உண்டு என்று எண்ணிய நம் முன்னோர்க்கு இத்தீர்ப்பு புதுமையாகத் தோன்றியிராது.

நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் இதனோடு தொடர்புடைய இரு தீர்ப்புகள் பிறந்தன. முதல் உலகப் போருக்குப் பின் செருமானிய மொழியின்பால் அமெரிக்காவிற் பெரும் வெறுப்புப் பரவியிருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில், எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு அயல்மொழி கற்பிப்பது குற்றமாக்கப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குச் செருமன் வாசிக்கக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1923இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கிற்று. அடுத்தது ஆரிகன் மாநில வழக்கு. எட்டு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளியில் மட்டுமே படிக்க வேண்டும் என்று 1922இல் அம்மாநில மக்கள் வாக்களித்துச் சட்டம் செய்தனர். அதனை எதிர்த்தவர் இருவர். ஒருவர் கத்தோலிக்கக் கன்னியர் சபையார். மற்றவர் ஹில் இராணுவக் கல்விக்கூடத்தார். வரலாற்று நூல்கள் முன்னவரையே மிகுதியும் பேசுகின்றன. சமயத்தோடு தொடர்பில்லாத ஒரு தனியார் பள்ளியும் அதே வழக்கில் அதே வெற்றியைப் பெற்றது என்பதை நாம் மறக்கலாகாது. 1925இல் வந்த தீர்ப்பு, குழந்தை அரசின் உடைமையன்று என்ற கருத்தை நிலைநாட்டிற்று. ஆயினும் பள்ளிகளைச் சோதிக்கவும், ஆசிரியரையும் மாணவரையும் தேர்வுக்கு உட்படுத்தவும் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையும் அத்தீர்ப்பே ஒப்புக்கொண்டது.

சட்டம் இடங்கொடுத்தாலும் ஒரு தாய் வீட்டில் எப்படிக் கற்பிப்பாள், பாடத்திட்டத்துக்கு எங்கே போவாள் என்று கேட்கலாம். பால்டிமோர் நகரிலிருந்த கால்வெர்ட் பள்ளி, தன் பாடங்களை 1906 முதலே அஞ்சல் வழியாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. அயல்நாடுகளில் பணிபுரிந்தோரும், பள்ளிகளே இல்லாத தொலைவிடங்களில் வாழ்ந்தோரும் அவற்றைப் பெற்றுப் பயன்படுத்தினர். பனி சூழ்ந்த அலாஸ்காவில் அரசே 1939இல் அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றை நிறுவிற்று.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமாக நான் கருதும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கு வருவோம். அம்மாநிலச் சட்டம், பிள்ளை பள்ளிக்குச் செல்ல வேண்டும், அல்லது பள்ளியல்லாத வேறிடத்தில் அதற்கு இணையான கல்வி பெறவேண்டும் என்று கூறுகிறது. ‘இணையான’ என்னும் இந்த ஒரு சொல்லின் பொருளே வழக்கு. 1937இல், வீட்டில் கற்பித்த பெற்றோர் இருவர் அம்மாநில இளையோர் நீதிமன்றத்தில் தோற்றனர். பிற பிள்ளைகளோடு கூடிப் பழகிப் பெறும் பயிற்சியும் கல்வியின் ஒரு பகுதியே என்றும், அதனை வீட்டில் இணையாகத் தருவது ஏறத்தாழ இயலாததே என்றும் அம்மன்றம் கருதிற்று. இக்கருத்தை ஏற்றால் வீட்டில் கற்பிப்போர் ஒருவரும் வெல்ல முடியாது. ஒரு தாய் எவ்வளவு திறமையாகக் கணக்குக் கற்பித்தாலும், முப்பது பிள்ளைகளைக் கூடத்தில் கொணர்ந்து அமர்த்த அவளால் இயலுமா?

முப்பது ஆண்டுகள் சென்றன. 1967இல் அதே மாநிலத்தின் மோரிஸ் மாவட்ட நீதிமன்றத்தில் மாசா என்னும் குடும்பத்தார் வழக்கு விசாரணைக்கு வந்தது. தாய் உயர்நிலைப் பள்ளிக் கல்வி முடித்தவர். அதற்குமேற் பட்டமோ ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழோ அவரிடம் இல்லை. தம் பன்னிரண்டு வயது மகளை அவர் 1966 ஏப்ரல் முதல் பள்ளிக்கு அனுப்பவில்லை. கீழ்மன்றம் பெற்றோருக்கு 2,490 டாலர் தண்டம் விதித்திருந்தது. மேல்முறையீட்டில் அந்தத் தாய் தாமே எழுந்து நின்று வழக்கை நடத்தினார்.

அவர் சமயத்தைக் காரணமாகக் காட்டவில்லை. பிள்ளையின் உள்ளம் விழிப்போடும் கிளர்ச்சியோடும் இருக்கும் பகற்பொழுதில் அதன் அருகே தாம் இருக்க விரும்புவதாகச் சொன்னார். பள்ளியிற் பெரும்பொழுது வீணாகிறது என்றும், வீட்டில் அதே நேரத்தைச் செம்மையாகப் பயன்படுத்த முடியும் என்றும் கூறினார். தலைமையாசிரியனாக இருந்த எனக்கு இரண்டாவது கூற்று சற்றுக் கசப்பாகவே இருக்கிறது. ஆனால் காலை வழிபாட்டுக்கும், பெயர் அழைப்பதற்கும், வகுப்பை அமைதிப்படுத்துவதற்கும் ஒரு நாளிற் செல்லும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தவன் அதை மறுக்கத் துணியமாட்டான்.

சொல்லோடு நில்லாமல் சான்றுகளையும் அவர் முன்வைத்தார். ஒவ்வொரு நாளும் இன்ன நேரம் இன்ன பாடம், இன்ன நேரம் விளையாட்டு என்று வகுத்திருந்தார். தேர்வு வைத்து மகளின் முன்னேற்றத்தை அளந்தார். கற்பித்தது பதியவில்லையெனில் அப்பகுதியை மீண்டும் கற்பித்தார். மகள் வயலின் பயின்றாள். நடனப் பள்ளிக்கும் சென்றாள். பல பள்ளிகளில் ஓவியம் கற்பித்த பழக்கமுடைய தந்தையே அவளுக்கு ஓவிய ஆசிரியர். பொதுத்தேர்வுகளில் அவள் பெற்ற மதிப்பெண் நாட்டின் நடு அளவைவிட மிக உயர்ந்திருந்தது. கணக்கில் மட்டும் அவ்வாறில்லை. அக்குறையையும் மறைக்காமல் ஏடுகள் காட்டின. கணக்கிற் பின்தங்கிய ஒரு பிள்ளையேனும் இல்லாத வகுப்பை நான் கண்டதில்லை.

மாவட்ட நீதிபதி காலின்ஸ் ‘இணையான’ என்ற சொல்லை எடுத்து ஆராய்ந்தார். சட்டமன்றம் கேட்பது பாட அறிவில் இணைமை மட்டுமே; கூடிப் பழகும் அனுபவத்திலும் இணைமை வேண்டும் என்று கொண்டால், வீட்டுக் கல்விக்குச் சட்டம் கொடுத்த இடமே இல்லாமற் போகும் என்று அவர் முடிவு செய்தார். கற்பிப்பவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் கூறவில்லை என்பதையும் சுட்டினார். பெற்றோர் தம் சான்றுகளை முன்வைத்தபின், கல்வி இணையானதன்று என்று மெய்ப்பிக்கும் சுமை மாநிலத்தின்மேல் விழுகிறது. மாநிலம் அதைச் செய்யவில்லை. பெற்றோர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டனர். 1937இல் இயலாதது என்று கருதப்பட்டது, சட்டத்தின் சொல் மாறாமலேயே 1967இல் இயல்வதாயிற்று.

ஆனால் சமயச் சார்பற்ற பெற்றோருக்கு மற்றோரிடத்திலிருந்து ஒரு தடை வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆமிஷ் என்னும் சமயப் பிரிவினர் எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். அவர்கள் மீது விதிக்கப்பட்ட தண்டம் ஆளுக்கு 5 டாலர். அந்த ஐந்து டாலர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1972இல் ஆமிஷ் மக்களுக்கு வெற்றி தந்தது. அத்தீர்ப்பில் நீதிமன்றம் ஓர் எல்லைக்கோடும் கிழித்தது. தோரோ என்னும் அறிஞர் தம் காலத்துச் சமூகத்தை வெறுத்து வால்டன் குளக்கரையில் தனித்து வாழ்ந்தாரே, அவருடையது தத்துவம் சார்ந்த தனிமனித முடிவு, சமயம் சார்ந்ததன்று. அத்தகைய முடிவுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. தோரோவின் பெயர் நமக்கும் அயலானதன்று. சட்ட மறுப்புப் பற்றிய அவருடைய எழுத்தைக் காந்தியடிகள் போற்றினார். அந்தத் தோரோவே கான்கார்டு நகரில் சிலகாலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாணவரைப் பிரம்பால் அடிக்கவேண்டும் என்ற வற்புறுத்தலால் வேலையை விட்டவர். கல்விச் சட்ட வழக்கில் அவர் பெயர் எதிர்ச்சான்றாக வந்து நின்றது விதியின் விளையாட்டுத்தான்!

தோரோவின் வழியில் சிந்தித்த மற்றொரு பள்ளி ஆசிரியர் ஜான் ஹோல்ட். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலிற் பணிபுரிந்தவர். பின்பு கொலராடோவிலும் மசாசூசெட்ஸிலும் தனியார் பள்ளிகளில் ஆசிரியரானார். பிள்ளைகள் ஏன் தோல்வியுறுகிறார்கள் என்பதை வகுப்பறையில் உற்றுநோக்கி அவர் எழுதிய நூல் 1964இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. விடை தவறிவிடுமோ என்னும் அச்சமே பிள்ளைகளின் அறிவை முடக்குகிறது என்பது அவர் கண்டது. முதலில் பள்ளிகளைத் திருத்த முடியும் என்று நம்பினார். பின்பு அந்த நம்பிக்கை தளர்ந்தது. 1977இல், பள்ளியின்றி வளரும் பிள்ளைகளைப் பற்றி ஓர் இதழைத் தொடங்கினார். அதிற் பெற்றோர் தம் அனுபவங்களைக் கடிதங்களாக எழுதினர். எந்த மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது, எந்த நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பளித்தது என்னும் செய்திகளும் அதில் வந்தன. 1985இல் ஹோல்ட் மறைந்தபின்னும் அவ்விதழ் 2001 வரை நடந்தது. ஹோல்டின் கருத்துகள் பலவற்றோடு நான் மாறுபடுகின்றேன். அவர் நம்பிய அளவுக்கு எல்லாப் பிள்ளைகளும் தாமே கற்றுக்கொள்வார்கள் என்று என் அனுபவம் சொல்லவில்லை. அச்சத்தைப் பற்றி அவர் எழுதியதை மட்டும் ஒவ்வோர் ஆசிரியரும் படிக்க வேண்டும்.

ஹோல்டின் இதழ் தொடங்கிய மறு ஆண்டே, 1978இல், மசாசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வழக்கில் நீதிபதி கிரேனி ஒரு தீர்ப்பளித்தார். பிள்ளையின் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை சமயப் பற்றுடைய பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. அது இல்லாதார்க்கும் உண்டு என்பது அதன் உயிர்நாடி. பெற்றோர் எந்தக் காரணத்துக்காக வீட்டில் கற்பிக்க விரும்புகிறார்கள் என்று பள்ளிக் குழுவினர் துருவிப் பார்க்கக் கூடாது. பாடத்திட்டம் என்ன, எத்தனை மணி நேரம் கற்பிக்கிறார்கள், கற்பிக்கும் தகுதி உண்டா என்று பார்க்கலாம். அம்மாநிலத்தின் உச்ச மன்றம் 1987இல் மற்றொரு வழக்கில் இதைப் போன்ற அளவுகோல்களை வகுத்து உறுதி செய்தது. தகுதி என்பதற்குச் சான்றிதழோ கல்லூரிப் பட்டமோ வேண்டுவதில்லை என்றும், பிள்ளையின் முன்னேற்றத்தைத் தேர்வாலோ வேறு முறையாலோ அளக்குமாறு கேட்கலாம் என்றும் கூறிற்று. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்ப்பதை நிபந்தனையாக்கக் கூடாது என்று 1998இல் மேலும் ஒரு தீர்ப்பு வந்தது.

ஆயினும் எல்லா மாநிலமும் மசாசூசெட்ஸ் ஆகிவிடவில்லை. மிச்சிகன் மாநிலத்திற் பிள்ளைக்குக் கற்பிப்பவர் எவராயினும் ஆசிரியச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1993 மே 25 அன்று அம்மாநில உச்ச மன்றம் ஒரே நாளில் இரு தீர்ப்புகளை வழங்கிற்று. இரண்டிலும் பெற்றோர் சான்றிதழ் இல்லாமல் வீட்டிற் கற்பித்தவர்களே. ஒரு குடும்பம், சான்றிதழ் விதி தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்றது; அதற்கு நான்கு நீதிபதிகள் சார்பாகவும் மூவர் எதிராகவும் நின்று விலக்குக் கிடைத்தது. பென்னெட் என்னும் மற்றொரு குடும்பம், பெற்றோர் என்னும் உரிமையை மட்டும் கூறி வாதிட்டது; அந்த வாதம் ஏற்கப்படவில்லை. அவர்களுக்குச் சான்றிதழ் விதி செல்லும் என்றே மன்றம் கூறிற்று. முன்னதாக அவர்களுக்குக் கல்வித்துறையில் விசாரணை நடத்தப்பட்டிருக்க வேண்டும், அது நடக்கவில்லை என்னும் நடைமுறைக் காரணத்தால் மட்டுமே அவர்களுடைய தண்டனை நீங்கிற்று.

இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரு வீடுகளிலும் அடுப்பங்கரை மேசையைச் சுற்றி அமர்ந்து அதே கூட்டலும் கழித்தலும்தான் நடந்திருக்கும். ஒரு வீட்டுத் தாய்க்குச் சான்றிதழ் தேவையில்லை. அடுத்த வீட்டுத் தாய்க்குத் தேவை. சான்றிதழால் பிள்ளைக்கு நன்மை உண்டு என்றால் இருவருக்கும் அது வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம். பயிற்சிக் கல்லூரியில் உளவியலும் பாட போதனை முறையும் கற்றுச் சான்றிதழ் பெற்றவன் நான். அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நாற்பது பிள்ளைகளை ஒருங்கே நடத்துவதற்கு அப்பயிற்சி இன்றியமையாதது. ஒரே பிள்ளையை, அதுவும் தான் பெற்ற பிள்ளையை, அருகிருத்திக் கற்பிக்கும் வேலைக்கு அதில் எவ்வளவு பங்கு பயன்படும் என்று கேட்டால், பெரும்பங்கு பயன்படாது என்றே சொல்வேன். மிச்சிகன் சட்டமன்றமும் இம்முரண்பாட்டை நீடிக்க விடவில்லை. 1995இல் இயற்றி 1996இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தால், சமயக் காரணம் கூறினாலும் கூறாவிட்டாலும் எல்லாப் பெற்றோரும் வீட்டிற் கற்பிக்க வழி திறந்தது.

1999இல் நடுவண் அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் எடுத்த கணக்கின்படி, நாட்டில் சுமார் 8,50,000 பிள்ளைகள் வீட்டிற் கற்றனர். அது பள்ளி வயதுப் பிள்ளைகளில் 1.7 விழுக்காடு. ஆயினும் சமயச் சார்பற்ற பெற்றோர்க்குச் சட்டம் வழிவிட்ட பின்னும் ஒரு தொல்லை தொடர்ந்தது. வீட்டுக் கல்விக்கென அச்சான பாடநூல்களும், அதற்கென அமைந்த சங்கங்களும் பெரும்பாலும் கிறித்தவச் சார்புடையவையாக இருந்தன. உயிர்களின் தோற்றத்தைப் பற்றியும் பூமியின் வயதைப் பற்றியும் அறிவியல் சொல்வதைக் கற்பிக்க விரும்பிய தாய், அந்நூல்களை வைத்துவிட்டுப் பொது நூலகத்தை நாட வேண்டியவளானாள். அமெரிக்காவின் ஊர்தோறும் உள்ள பொது நூலகங்கள் இல்லையேல் இம்முயற்சி வேரூன்றியிராது என்பது என் எண்ணம்.

இன்று ஒரு பெற்றோர் இதனைத் தொடங்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் அரசுக்கு முன்னறிவிப்புக்கூடத் தேவையில்லை. டெக்சஸின் உச்ச மன்றம் 1994இல் உறுதி செய்த தீர்ப்பின்படி, வாசிப்பு, எழுத்துக் கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகியவற்றை முறையான பாடத்திட்டத்தோடு மெய்யாகவே கற்பித்தால் அவ்வீடு தனியார் பள்ளியாகக் கொள்ளப்படும். பென்சில்வேனியா 1988இல் இயற்றிய சட்டத்தின்படி, பெற்றோர் உறுதிமொழிப் பத்திரம் அளிக்கவேண்டும்; படித்த நூல்களின் பெயர்களை அவ்வப்போதே நாட்குறிப்பாக எழுதி, பிள்ளையின் பயிற்சித்தாள்களோடு தொகுத்து வைக்கவேண்டும்; ஆண்டிறுதியில் தகுதி பெற்ற ஒருவர் பிள்ளையோடு உரையாடி அத்தொகுப்பையும் பார்த்துச் சான்றளிக்கவேண்டும்.

நியூயார்க்கின் விதிகள் இன்னும் கண்டிப்பானவை. அவையும் 1988இல் வந்தவையே. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் நாளுக்குள் பெற்றோர் கல்வி மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தம் எண்ணத்தைக் கடிதமாகத் தெரிவிக்கவேண்டும். பத்து வேலைநாட்களுக்குள் அவர் விதிகளையும் படிவத்தையும் அனுப்புவார். ஆண்டு முழுவதற்குமான பாடத்திட்டத்தையும் நூற்பட்டியலையும் பெற்றோர் எழுதியனுப்பவேண்டும். முதல் ஆறு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 900 மணி நேரமும், ஏழு முதல் பன்னிரண்டு வரை 990 மணி நேரமும் கற்பிக்கவேண்டும். மூன்று திங்களுக்கு ஒரு முறை அறிக்கை. ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பீடு. கற்பிக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் கணக்கும் வரலாறும் இருப்பதோடு, மிதிவண்டியைப் பாதுகாப்பாக ஓட்டுவதும் தீத்தடுப்பும்கூட இடம்பெற்றுள்ளன. ஏன் வீட்டிற் கற்பிக்கிறீர்கள் என்ற வினா மட்டும் அவ்விதிகளில் இல்லை.

இவ்வுரிமைக்கு எல்லை உண்டா என்னும் வினா 2008இல் கலிபோர்னியாவில் எழுந்தது. சான்றிதழ் பெற்ற ஆசிரியரே வீட்டில் கற்பிக்க முடியும் என்று மேல்முறையீட்டு மன்றம் அவ்வாண்டு பிப்ரவரியில் கூற, நாடெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. மன்றம் வழக்கை மறுபடியும் விசாரித்து, ஆகஸ்டு மாதத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. வீட்டுக் கல்வியைத் தனியார் பள்ளியாகக் கொள்ளலாம் என்றது. ஆனால் பெற்றோரின் கொடுமையிலிருந்து காக்க வேண்டி நீதிமன்றப் பாதுகாப்பில் உள்ள பிள்ளையாயின், அதன் நலன் கருதி வெளிப் பள்ளிக்கு அனுப்புமாறு ஆணையிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளையின் துன்பத்தை வெளியார் காண வாய்ப்பில்லை. ஆசிரியரின் கண்ணே பல வேளைகளில் அதனை முதலில் கண்டுபிடிக்கிறது. வருகைப் பதிவேட்டுக்கு நான் கூறக்கூடிய வலுவான வாதம் இதுவே. மாநிலச் சட்டமன்றங்களில் இன்றும் இதைப் பற்றியே மிகுதியான வாதங்கள் நடக்கின்றன.

பிள்ளையின் கல்வி தேறவில்லையானால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கு விதிகளிலேயே விடை உண்டு. ஆண்டு மதிப்பீட்டில் பிள்ளை உரிய அளவை எட்டாவிடில், அவ்வீட்டுக் கல்வி இரண்டு ஆண்டுகள் வரை கண்காணிப்பில் வைக்கப்படும்; குறையைக் களையும் திட்டம் ஒன்றைப் பெற்றோர் எழுதித் தரவேண்டும்; அத்திட்டத்தின்படி நடவாவிடில், கண்காணிப்பாளர் முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டுக்கே வந்து பார்க்கலாம்.